தரிசுக்குக் காவல்

நெல்மணி கார்டன்தானே கேட்டீர்கள்? சரியான இடத்தில்தான் இறங்கியிருக்கிறீர்கள், சரியான ஆளிடம்தான் கேட்டிருக்கிறீர்கள். உட்காருங்கள் தம்பி. அந்தப் பக்கம் வேண்டாம், பெஞ்சு ஆடும். இந்தப் பக்கம். எங்கே போய்த் தேடப் போகிறீர்கள்? அந்த இடத்துக்கு மேனேஜராக இருந்தவனே நான்தான். பெயர் அழகுமலை. ஊருக்குள் போய் விசாரித்தால் வாட்ச்மேன் என்று சொல்வார்கள். ஆவியங்குளத்துக்காரர்களுக்கு வாய் கொஞ்சம் நீளம். முதலாளி சேதுமாணிக்கம் தன் வாயால் என்னிடம், "நீதான்யா இங்க மேனேஜர்" என்று சொல்லியிருக்கிறார். சம்பளத்தை மட்டும் வாட்ச்மேனுக்கு உள்ளதாகக் கொடுத்தார்.

கையில் என்ன, நோட்டீஸா? கொடுங்கள், பார்த்துவிட்டுத் தருகிறேன். ஆமாம், இதேதான். பச்சைப் பசேலென்று படம். மேலே 'இயற்கை அன்னையின் மடியில் ஓர் இல்லம்'. இந்த ஓரத்தில் ஒரு முழங்கை தெரிகிறது பாருங்கள், அது என் முழங்கை. ஆளை வெட்டிவிட்டார்கள், முழங்கை தப்பித்துவிட்டது. இந்தாருங்கள், கசக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். நல்ல காகிதம்.

போகலாம் போகலாம், என்ன அவசரம்? முதலில் விஷயத்தைக் கேட்டுவிடுங்கள். எனக்கு நடந்த அநியாயம் தெரியாமல் அந்த இடத்தை நீங்கள் பார்த்து ஒரு பிரயோசனமும் இல்லை.

நான் இந்த ஊர்க்காரன் இல்லை. மதுரைப் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை. எல்லாம் நைட் ஷிப்ட். நூல் அறுந்தால் முடிச்சுப் போடுவேன். திரும்ப அறுந்தால் திரும்ப முடிச்சு. மண்வெட்டியைத் தொட்டவன் இல்லை. ஊர் தூங்கும்போது விழித்திருந்தே பழகிவிட்டதா, ஊர் விழித்திருக்கிற நேரத்தில் மனசு ஒன்றிலும் ஒட்டாது. நடுப்பகலில் கடைத்தெருவில் நின்றால் யாரோ வீட்டுக் கல்யாணத்துக்குள் வந்துவிட்ட மாதிரி இருக்கும். ஒருநாள் மில்லை மூடிவிட்டார்கள். கணக்குத் தீர்க்கிற அன்று ஆளுக்கு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். பெரிய கடிகாரம், மரச்சட்டம் போட்டது.

சுவர்க்கடிகாரத்துக்குச் சுவர் வேண்டும் அல்லவா? நாங்கள் இருந்ததெல்லாம் வாடகை வீடு. ஒவ்வொரு வீட்டுக்காரரும் சாவியைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுவார், "செவத்துல ஆணி அடிக்கக் கூடாது." அட்வான்ஸ் பேசுவதற்கு முன்னால் ஆணியைப் பேசிவிடுவார்கள். அதனால் கடிகாரம் அட்டைப்பெட்டிக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்தது. மணி பார்க்க வேண்டுமென்றால் என் சம்சாரம் செவந்தி பெட்டியைத் திறப்பாள், பார்ப்பாள், மூடுவாள். வீடு மாறும்போதெல்லாம் அந்தப் பெட்டியை நான்தான் மடியில் வைத்துக்கொண்டு வருவேன். டிக் டிக்கென்று சத்தம் கேட்டு, பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர் எழுந்து போனதும் உண்டு.

அந்த சமயத்தில்தான் சேதுமாணிக்கம் கிடைத்தார். இங்கே கண்மாய்க்குக் கீழே பன்னிரண்டு ஏக்கர் நஞ்சை வாங்கியிருந்தார்.

"நெலத்தைப் பாத்துக்கணும்" என்றார்.

"களவு போகாமலா சார்?"

"நெலம் எப்படிய்யா களவு போகும்? அதுல ஒண்ணும் வெளையாமப் பாத்துக்கணும்."

நான் முழித்தேன். அவர் விளக்கினார். விளைகிற நிலத்தை வீட்டுமனையாகப் பிரிக்க விடமாட்டார்களாம். மூன்று வருஷம் தரிசாகக் கிடந்தால்தான் ஆபீசில் காகிதம் நகரும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். அது சட்டமா, டீக்கடைப் பேச்சா, எனக்குத் தெரியாது. "ஒரு பச்சை தலை காட்டக் கூடாது அழகுமலை. ஆபீசர் எந்த நேரம் வந்து பாத்தாலும் பொட்டல்காடா இருக்கணும். மூணு வருஷம் கண்ணுங்கருத்துமாப் பாத்துக்க. முடிஞ்சதும் மூலை மனை ஒண்ணு உனக்கு. நாப்பத்து நாலாம் நம்பர்."

மனை, தம்பி! எனக்கு! கண்மாய் மடைக்குப் பக்கத்தில், பின்பக்க மூலையில், மஞ்சள் பெயிண்ட் அடித்த கல் ஒன்றை நட்டு, 44 என்று எழுதிக் காட்டினார். தினமும் போய் அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் நிற்பேன். இங்கே வாசல், இங்கே அடுப்படி. இந்த இடத்தில் ஒரு சுவர், அந்தச் சுவரில் ஓர் ஆணி. செவந்தியைக் கூட்டிவந்து காட்டினேன். "கடிகாரம் எங்க வரும்?" என்று கேட்டாள். காற்றில் ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டினேன். அவளும் அதே இடத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் ஒசரமா இருக்கு, எனக்கு எட்டாது" என்றாள். பிறகு கொஞ்சம் கீழே இறக்கினோம்.

முதல் இரண்டு வருஷம் மழையே இல்லை. அருமையான காலம்! கண்மாயில் கிரிக்கெட் ஆடினார்கள். நிலம் தானாகவே காய்ந்து கிடந்தது. வேலை சுகம். ஞாயிற்றுக்கிழமைகளில் மதுரையிலிருந்து வேனில் கஸ்டமர்கள் வருவார்கள். பேப்பர் முடியாத இடத்துக்கு எப்படி அட்வான்ஸ் வாங்குகிறார் என்று கேட்காதீர்கள், அது முதலாளிக்கு உள்ள திறமை. வருகிறவர்களுக்கு ஒரு பேச்சு வேண்டும் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தார். பதினைந்து அடியில் தண்ணீர், இளநீர் மாதிரித் தித்திப்பு, குச்சியை ஊன்றினால் குச்சி தளிர்க்கும் — இப்படிப் போகும். செவந்தி பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு நேரம் பார்ப்பாள், நான் சுவரைப் பார்த்துப் பேசுவேன். மனப்பாடம். நடுவில் யாராவது குறுக்கே கேட்டால் மறுபடி முதலில் இருந்துதான் ஆரம்பிப்பேன், இல்லையென்றால் ஓடாது.

மூன்றாவது வருஷம்தான் சனி பிடித்தது. சித்திரையிலேயே மழை. ஒரு வாரம்தான், நிலம் முழுக்கப் பச்சை. நான் பத்து இடத்தில் வெட்டினால் நூறு இடத்தில் முளைக்கிறது. எந்தக் காலத்திலோ சிந்தின நெல்லெல்லாம் கூடத் தலை நீட்டுகிறது. உள்ளங்கையெல்லாம் கொப்புளம். செவந்தி மஞ்சள் அரைத்துப் போட்டுவிட்டு, "மில்லுல இருந்த கையா இது?" என்றாள்.

இங்கேதான் கதையில் அந்த அம்மா வருகிறார். ராக்கு. பஞ்சாயத்துத் தலைவர். அதோ, பஸ் ஸ்டாப்புக்கு எதிரே தகரக் கூரை போட்ட மாவு மில் தெரிகிறதா? அவருடையதுதான். பஞ்சாயத்து ஆபீசில் இருக்கும் நேரம் போக மிச்ச நேரம் அங்கேதான். தலைமுடி, புருவம், கண் இமை, எல்லாம் மாவு. கையெழுத்து வாங்கப் போகிறவன் மாவோடுதான் திரும்பி வருவான்.

அவர் ஆரம்பத்திலிருந்தே முதலாளிக்கு எதிர்ப்பு. என்னிடமே சொல்லியிருக்கிறார். "வீடு வேணாம்னு யாருண்ணே சொன்னா? வரட்டும். ஊரு பெருகத்தான் செய்யும். மேட்டுல வரட்டும். அங்க ரோடு இருக்கு, பள்ளிக்கூடம் இருக்கு, தண்ணித்தொட்டி இருக்கு, கல்லுந்தரை. கண்மாய்த் தண்ணி பாயுற எடத்துல வீட்டக் கட்டிக் குடுத்துட்டு ஒங்க முதலாளி கார்ல போயிருவாரு. மழை பேஞ்சா எங்கிட்டத்தான வந்து நிப்பாங்க, 'தலைவரே, கட்டில் மெதக்குது'ன்னு?"

"அதெல்லாம் பெரியவங்க சமாச்சாரம்மா" என்றேன்.

"பன்னெண்டு ஏக்கரோட நிக்காதுண்ணே. வாய்க்கால் நடுவுல சுவரு வந்துட்டா அதுக்குக் கீழ இருக்குற வயலுக்கெல்லாம் தண்ணி எப்படிப் போகும்? அடுத்த வருசம் அவங்களும் விப்பாங்க."

பேச்சு நல்ல பேச்சுதான். ஆனால் எனக்கு நாற்பத்து நாலாம் நம்பர் இருக்கிறதே. 

அப்புறம் அவரே என் உள்ளங்கையைப் பார்த்தார். "அய்யய்யோ, என்ன மேனேஜரண்ணே இது? ஒத்தை ஆளா எதுக்குப் புல்லோட மல்லுக்கட்டுறீக? செம்மறி ஆட்டுக் கிடை ஒண்ணு வருது. எறநூறு உருப்படி. ஒங்க நெலத்துல தங்கச் சொல்லவா? ஒரு பச்சை விடாம மேஞ்சிரும்."

"கூலி?"

"ஒங்களுக்கு இலவசம்ணே."

யார் விடுவார்கள்? கிடைக்காரர் வந்தார். நிலத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "ஒண்ணும் தர வேணாமா? நெசமாவா?" என்று நான் கேட்க வேண்டியதை அவர் கேட்டார். "நானும் தரமாட்டேன், நீரும் தர வேண்டாம்" என்று கறாராகச் சொல்லிவிட்டேன். பத்துப் பதினைந்து நாள் ஆடுகள் மேய்ந்து அங்கேயே அடைந்து கிடந்தன. நிலம் துடைத்த மாதிரி ஆகிவிட்டது. புழுக்கைதான் கொஞ்சம் மிச்சம், கொஞ்சம் என்ன, கணுக்கால் வரைக்கும். பச்சை கிடையாது. பக்கத்து வயல்காரர் ஒருவர் வரப்பில் நின்று வயிற்றெரிச்சலோடு பார்த்துக்கொண்டிருந்தார். ஏன் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. இந்தப் பக்கத்தில் வயலில் கிடை போடச் சொல்லி நெல்லும் பணமும் கொடுத்துக் கூப்பிடுவார்களாமே, உரத்துக்காக! யாராவது சொன்னார்களா? சொல்லவில்லை.

மழை விட்டு விட்டுப் பெய்தது. மறுபடி முளைத்தது. முன்னைவிடக் கொழுகொழுவென்று. மறுபடி ராக்கம்மா. "வேரோட பெரட்டிப் போட்டாத்தாண்ணே சாகும். டிராக்டர் சும்மாதான் நிக்குது, டீசலுக்கு மட்டும் குடுங்க." முதலாளியிடம் களை ஒழிப்பு என்று சொல்லி டீசல் காசு வாங்கினேன். "சபாஷ்யா" என்றார். இரண்டு சால் உழுது போட்டேன். மண் புட்டு மாதிரி உதிர்ந்தது. பார்க்கவே அழகு, ஒரு பச்சை இல்லை.

புரட்டாசியில் கண்மாய் நிறைந்தது. அந்தக் களை இருக்கிறதே, அதற்கு மானம் கிடையாது, மறுபடி எட்டிப் பார்த்தது. இந்தத் தடவை யாரும் சொல்லாமல் நானே யோசித்தேன். தண்ணீருக்குள் முக்கிவிட்டால்? மடைக்காரரிடம் சொல்லித் தண்ணீரைத் திருப்பினேன். நிற்காமல் ஓடிற்று. வரப்பெல்லாம் உடைசல். உட்கார்ந்து ஒவ்வொரு வரப்பாகச் சேற்றை அள்ளிப் பூசி அடைத்தேன். மூன்று நாளில் நிலம் முழுக்கக் கண்ணாடி மாதிரித் தண்ணீர். வானம் அதற்குள் கிடந்தது. ராக்கம்மா ஸ்கூட்டரை நிறுத்திப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார். கடைசியில், "மேனேஜரண்ணே, ஒங்கள மாதிரி ஒரு ஆளு இந்த ஊருக்குக் கெடைச்சதில்ல" என்றார். அன்றைக்கு ரொம்ப சந்தோஷமாக வீட்டுக்குப் போனேன். முட்டாள்தனம்.

அந்த நேரம் பார்த்து முதலாளிக்கு ஒரு யோசனை. தீபாவளி ஆஃபர். பெரிய விழா, போட்டோக்காரர், நோட்டீஸ்.

"அழகுமலை, கஸ்டமர் வர்ற அன்னைக்கு நம்ம நுழைவாசல் ஆர்ச்சுக்கிட்ட மட்டும் பச்சையா இருக்கணும். கம்பளம் விரிச்ச மாதிரி."

"பச்சையே கூடாதுன்னீங்களே சார்?"

"ஆபீசருக்குக் கூடாது. கஸ்டமருக்கு வேணும். ஞாயித்துக்கெழம பச்சை, திங்கக்கெழம பொட்டல். புரியுதா? மேனேஜர்னா ரெண்டையும் மேனேஜ் பண்ணணும்."

சீக்கிரம் வளர்கிற பச்சை எது என்று மாவு மில்லில் போய்க் கேட்டேன். ராக்கம்மா கன்னத்து மாவைத் துடைத்துக்கொண்டே உள்ளே போய் ஒரு மூட்டையோடு வந்தார். விதைநெல். "நெருக்கமாத் தெளிச்சு விடுங்கண்ணே. கம்பளம்னா கம்பளம், அப்படி ஒரு கம்பளம்."

வந்தது பாருங்கள்! ஆர்ச்சைச் சுற்றிக் கிளிப்பச்சை. விழாவன்று இறங்கின கஸ்டமர் எல்லாரும் செருப்பைக் கழற்றிவிட்டார்கள், கோயிலுக்குள் நுழைகிற மாதிரி. அந்தப் போட்டோதான் உங்கள் கையில் இருப்பது. முதலாளி என் முதுகில் தட்டினார். "வர்ற வாரமும் கஸ்டமர் இருக்கு. நடுவுல ஆபீசர் வந்தாலும் வருவாரு. அதுக்குள்ள எடுத்துரு, ஞாயித்துக்கெழம திரும்ப வெச்சிரு." சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிட்டார்.

எடுத்துவிட்டேன். பிடுங்கிப் பிடுங்கி, மில்லில் நூல் கட்டுகிற மாதிரி சின்னச் சின்னக் கட்டாகக் கட்டினேன். ஆனால் ஒரு வாரம் எங்கே வைப்பது? வெளியே போட்டால் காய்ந்துவிடும், அடுத்த ஞாயிறு பழுத்த கம்பளம்தான் விரிக்க முடியும். அப்போது வாய்க்கால் வேலை முடிந்து பத்திருபது பெண்கள் அந்த வழியாக வந்தார்கள். ராக்கம்மாதான் அந்தப் பக்கமாகப் போகச் சொன்னாராம்.

"ஏம்மா, இதை எங்கயாச்சும் வாடாம வைக்க முடியுமா? ஒரு வாரத்துக்கு மட்டும்."

ஒருத்தி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். இன்னொருத்தி, "அதுக்கென்னண்ணே, அந்தத் தண்ணிக்குள்ள ஊண்டி வெச்சா ஒண்ணும் ஆகாது" என்றாள். பின்பக்கம் விளம்பரப் பலகைக்குப் பின்னால், ரோட்டிலிருந்து பார்த்தால் தெரியாத இடம். எதில் வைக்கலாம்? நாற்பத்து நாலில் வைக்கலாம், என் இடம்தானே, யார் கேட்கப் போகிறார்கள்? அங்கிருந்து ஆரம்பித்தார்கள். அது நிறைந்து, பக்கத்து மனை நிறைந்து, இரண்டு ஏக்கருக்குப் போய்விட்டது. வரிசை வரிசையாக என்ன அழகாக அடுக்கினார்கள்! ஒரு பாட்டுக்கூடப் பாடினார்கள். குடோனில் சரக்கு அடுக்கும்போது பாடுவதை நான் கண்டதில்லை. கிராமத்தில் அப்படித்தான் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை திரும்ப எடுக்கப் போனேன். செவந்தியும் துணைக்கு வந்தாள். ஒரு குத்தைப் பிடித்து இழுத்தேன். வரவில்லை. இன்னும் கொஞ்சம் இழுத்தேன். சேற்றோடு வெள்ளை வெளேரென்று புது வேர். செவந்தி அதை என் கையிலிருந்து வாங்கிப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள்.

"புடிச்சிருச்சுங்க" என்றாள்.

"ஞாயித்துக்கெழம கஸ்டமர் வர்றாங்கடி."

"வரட்டும். வீடு விட்டு வீடு தூக்கிட்டு அலையறதுக்கு நாம போதாதா? இதுவுமா?"

குனிந்து அதை இருந்த இடத்திலேயே ஊன்றினாள். சுற்றி மண்ணை அமுக்கினாள். பிறகு கையைக் கழுவிக்கொண்டு நடந்துவிட்டாள். நான் என்ன செய்ய? கட்டினவள் சொன்னால் கேட்க வேண்டும்தானே. அந்த ஞாயிறு நல்ல வேளையாக மழை, வேன் வரவில்லை.

அடுத்து கிராம சபை. முதலாளிக்குப் பஞ்சாயத்துத் தீர்மானம் வேண்டும். ராக்கம்மாவுக்கு வேறொரு தீர்மானம் வேண்டும். பள்ளிக்கூட ஷெட்டில் ஊரே கூடியிருந்தது. வேளாண்மை ஆபீசிலிருந்து கண்ணாடி போட்ட ஒரு மேடமும் வந்திருந்தார்கள். காலையில் முதலாளி என்னை ஓரமாக அழைத்துப் போனார். "மூணே வார்த்தை. 'மூணு வருசமாத் தரிசுங்க'. சொல்லிட்டு உக்காந்துரு. நாளைக்கே நாப்பத்து நாலைப் பதிஞ்சு தர்றேன்." சொல்லிவிட்டு மேட்டிலிருந்து கீழே வயலை எட்டிப் பார்த்தவர், "பின்னாடி என்னய்யா பச்சையாத் தெரியுது?" என்றார்.

"ஸ்டாக் சார்."

"என்ன ஸ்டாக்?"

பதில் சொல்வதற்குள் மைக் கத்தத் தொடங்கிவிட்டது.

முதலில் ராக்கம்மா பேசினார். மேட்டில் மனை, கீழே வயல், அவ்வளவுதான். பிறகு முதலாளி எழுந்தார். "அந்த நெலம் செத்த நெலம். புல்லுகூட மொளைக்காது" என்றார். மேடம் கேட்டார்கள், "மேட்டுல ஏறி வரும்போது பார்த்தேனே, பின்னாடி பச்சையா இருக்கே?"

முதலாளி சிரித்தார். "அது கோரைங்க மேடம். வெறும் கோரைப்புல்லு."

கோரை!

தம்பி, நான் விசுவாசமான ஆள். இன்றைக்கும் அவர் உப்பைத் தின்றதை மறக்கவில்லை. ஆனால் நீங்களே சொல்லுங்கள், வரிசை பிடித்து நிற்கிற பயிரை, காலையிலும் சாயங்காலமும் போய்ப் பார்த்துவிட்டு வருகிற பயிரை, ஆர்ச்சைத் தாண்டி வராத மனுஷன் கோரை என்று சொன்னால்? சரி, அதையும் விழுங்கிக்கொண்டேன். மூன்று வார்த்தை. மூலை மனை. சுவர். ஆணி. மனசுக்குள் சொல்லிக்கொண்டே நடந்தேன்.

மைக்கைக் கையில் கொடுத்தார்கள். எதிரே அத்தனை முகம். எனக்குக் கூட்டத்தைப் பார்த்தால் வருகிற பேச்சு ஒன்றே ஒன்றுதான்.

"நெல்மணி கார்டனுக்கு வருகை தந்திருக்கும் உங்களை அன்போடு வரவேற்கிறோம்" என்றேன்.

ஷெட் முழுக்கச் சிரிப்பு. நிறுத்த முடியுமா? நிறுத்தினால் முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். "பதினைந்து அடியில் தண்ணீர்! இளநீர் மாதிரித் தித்திப்பு! மண்ணைக் கையில் எடுத்துப் பாருங்கள், அல்வா! குச்சியை ஊன்றினால் குச்சி தளிர்க்கும்!" முதலாளி கையைக் கையை ஆட்டுகிறார். இன்னும் சத்தமாகச் சொல்லச் சொல்கிறார் என்று நினைத்தேன். முதலாளி சொல்லிக் கொடுத்தது அங்கே முடிந்துவிட்டது, ஆனால் வாய் நிற்கவில்லை. "இந்த வருஷம் கிடை போட்டிருக்கிறது! இரண்டு சால் உழவு! வரப்பு அத்தனையும் கையால் பூசியது! சந்தேகம் இருந்தால் நாற்பத்து நாலாம் நம்பரை நேரில் வந்து பாருங்கள்!"

மேடம் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கேட்டார்கள், "நாற்பத்து நாலில் என்ன இருக்கு?"

"நெல்லு மேடம்" என்றேன். "கோரை இல்ல. நெல்லு."

 எல்லாரும் கைதட்டினார்கள் பாருங்கள், தகரக் கூரை அதிர்ந்தது. மில்லில் இருபது வருஷம் வேலை பார்த்தேன், எனக்காக ஒருத்தன் கை தட்டினதில்லை. ராக்கம்மா தலைகுனிந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். மாவு விழுந்திருக்கும்.

எல்லாரும் கிளம்பி வயலுக்கு வந்தார்கள். மேடம் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு சேற்றில் இறங்கினார்கள், ஒரு குத்தைப் பிடித்து இழுத்தார்கள், வரவில்லை. "நல்லாப் புடிச்சிருக்கே" என்றார்கள். அதற்குப் பிறகு தீர்மானம். கண்மாய்க்குக் கீழே வயல் வயலாகவே இருக்கும், மனை மேட்டில்தான். கை தூக்கச் சொன்னார்கள். நானும் தூக்கிவிட்டேன். பக்கத்தில் எல்லாரும் தூக்கும்போது நான் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் மரியாதையாக இருக்குமா?

முதலாளி காருக்குள் உட்கார்ந்திருந்தார். கண்ணாடிப் பக்கம் குனிந்து, "சார், நாப்பத்து நாலு?" என்றேன்.

"அதுலதான் நெல்லு நிக்குதேய்யா" என்றார். கண்ணாடி ஏறிவிட்டது.

அதோடு முடிந்தது. மூன்று வருஷக் காவல், ஒரே பேச்சில் போயிற்று.

இப்போது கேளுங்கள், என்னை ஏமாற்றியது யார்? கிடையை அனுப்பியது ராக்கம்மா. டிராக்டர் ராக்கம்மா. விதைநெல் ராக்கம்மா. அந்தப் பெண்களை அனுப்பியதும் ராக்கம்மா. நான் என்ன செய்தேன்? ஒன்றுமே செய்யவில்லை. ஒன்றுமே செய்யாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளமே.

முகத்துக்கு நேராகவும் கேட்டுவிட்டேன். "என் மனை போச்சேம்மா" என்றேன். அதற்கு அந்த அம்மா என்ன செய்தார் தெரியுமா? குற்ற உணர்ச்சி, வேறென்ன. மேட்டில் பஞ்சாயத்து மூலமாக வீடில்லாதவர்களுக்கு மனை ஒதுக்கினார்கள், அதில் செவந்தி பேரையும் சேர்த்துவிட்டார். அரசாங்க வீடு. ஓர் அறை, ஓர் அடுப்படி. மேடு என்றால் மேடு, ஏறினால் மூச்சு வாங்கும். கல்லுந்தரை, ஒரு கறிவேப்பிலைக்கன்று வைக்கக் கடப்பாறை வேண்டும். குடிபோன அன்றைக்கு ஆணி அடித்தேன். முதல் ஆணி வளைந்தது. இரண்டாவதும் வளைந்தது. மூன்றாவது இறங்கிற்று. கடிகாரத்தை மாட்டினேன். செவந்தி கையை உயர்த்திப் பார்த்தாள். எட்டியது.

அதிலும் ஒரு குறை. அந்தக் கடிகாரச் சத்தத்தில் எனக்கு ராத்திரியில் தூக்கம் வந்துவிடுகிறது. இத்தனை வருஷம் இல்லாத கெட்ட பழக்கம்.

வாசல் வேறு சரியாக வயலைப் பார்த்து அமைந்துவிட்டது. மேலேயிருந்து எல்லாம் தெரியும். எந்த வரப்பில் உடைசல், எங்கே மாடு இறங்குகிறது, எல்லாம் கண்ணில் விழும். சும்மா இருக்க விடுகிறதா? முதலாளியும் விற்கவும் முடியாமல் வைக்கவும் முடியாமல், கடைசியில் என்னிடமே குத்தகைக்கு விட்டுவிட்டார். "நீ கெடுத்த நெலம், நீயே பாரு" என்றார். போன அறுப்பில் அவருக்கு அரிசி கொண்டுபோய்க் கொடுத்தேன். இப்போது ஞாயிற்றுக்கிழமையானால் குடும்பத்தோடு வருகிறார். ஆர்ச்சுக்குக் கீழே நின்று போட்டோ எடுக்கிறார். "எங்க வயல் அரிசி" என்று சொந்தக்காரர்களுக்கு அனுப்புகிறாராம். முன்பெல்லாம் ஒன்றும் முளைக்காமல் பார்த்துக்கொண்டால் போதும். இப்போது முளைக்க வேண்டும், வளர வேண்டும், பால் பிடிக்க வேண்டும், குருவி தின்னக் கூடாது. வேலை எவ்வளவு கூடிப்போய்விட்டது பாருங்கள். மேனேஜர் என்று சொல்லக்கூட ஆள் இல்லை.

அட, பேசிக்கொண்டே இருந்ததில் நேரம் போனதே தெரியவில்லை. அதோ உங்கள் பஸ் திரும்பி வருகிறது. இதை விட்டால் இனிச் சாயங்காலம்தான். இடத்தைப் பார்க்கவில்லையே என்கிறீர்களா? பார்ப்பதற்கு அங்கே என்ன இருக்கிறது தம்பி, நெல்தான். நோட்டீசைப் பார்த்துவிட்டு வருகிற எல்லாரும் இப்படித்தான், இந்த பெஞ்சில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்துவிட்டு, இந்த பஸ்ஸிலேயே போய்விடுகிறார்கள். ஏனென்று தெரியவில்லை. உங்களுக்கு நிஜமாகவே மனைதான் வேண்டுமென்றால் இன்னொரு நாள் நேரே மாவு மில்லில் போய்க் கேளுங்கள், மேட்டில் இருக்கிறது. கறுப்புச் சட்டை போட்டுக்கொண்டு வராதீர்கள்.

ஏறுங்கள், ஏறுங்கள். ஒரு நிமிஷம், அந்த நோட்டீசைக் கொடுத்துவிட்டுப் போங்கள். உங்களுக்கு இனி எதற்கு? நல்ல வழவழப்புக் காகிதம், காற்றில் சரசரவென்று அடித்துக்கொள்ளும், வெயில் பட்டால் மின்னும். நாலாகக் கிழித்து நூலில் கோத்துக் கட்டிவிட்டால் ஒரு குருவி கிட்டே வராது. முடிச்சுப் போடுவது எனக்குக் கைப்பழக்கம். நாற்பத்து நாலாம் நம்பரில் இன்னும் ஒரு வரிசை பாக்கி இருக்கிறது.